எந்த 2.3.2? பைண்டிங்குக்கு வெர்ஷன் எண் வைக்கும் சிக்கல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, தராசுல 4.35ன்னு காட்டுது, பில்லுல 4.34ன்னு அடிக்குது. ஒரு ஜோடி மெட்டிக்கு ஒரு பாயிண்ட் போனா பரவால்ல. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி போடுறோம்னு உங்களுக்கே தெரியும். கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். எலக்ட்ரானிக் தராசிலிருந்து கேபிள் வழியாக எடையை வாங்கித் தரும் சின்ன சி லைப்ரரி ஒன்று இருக்கிறது. அதை எழுதியவர் வேறொருவர். பைத்தானில் எழுதிய பில்லிங் புரோகிராம் அந்த லைப்ரரியைக் கூப்பிட நடுவில் ஒரு ஆள் வேண்டும், அதற்குப் பெயர்தான் பைண்டிங். அதை எழுதிப் பராமரிப்பது நான். 4.35-ஐ நூறால் பெருக்கினால் கம்ப்யூட்டர் பைனரியில் போடும் புள்ளிக் கணக்கில் 435 வராது, 434.99999999999994 வரும். நான் அதை ரவுண்டு செய்யாமல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டியிருந்தேன். ஒரு வரித் திருத்தம், ஐந்து நிமிட வேலை. திருத்தியதற்கு என்ன எண் வைப்பது என்று யோசிக்காமல் விட்டதால் வந்த வேலைதான் இரண்டு மாதம் இழுத்தது.

அப்போது நான் வைத்திருந்த முறை மிக எளிது. அடியில் இருக்கும் லைப்ரரி 2.3.1 என்றால் என் பைண்டிங்கும் 2.3.1. எண்ணைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2.3.1 ஏற்கெனவே வெளியே போய்விட்டது. லைப்ரரியில் ஒன்றும் மாறவில்லை, என் பக்கம் மட்டும்தான் மாற்றம். சரி, அடுத்த எண்தானே என்று 2.3.2 போட்டு வெளியிட்டேன். பதினோரு நாள் கழித்து லைப்ரரிக்காரர் தன்னுடைய 2.3.2-ஐ வெளியிட்டார். அதில் புது மாடல் தராசு ஒன்றுக்கு ஆதரவு சேர்த்திருந்தார். அதை வைத்து நான் வெளியிட வேண்டிய பைண்டிங்குக்கு 2.3.2 மிச்சம் இல்லை. 2.3.3 என்று போட்டேன். அன்றிலிருந்து அவரைவிட ஒரு எண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பட்டறை அண்ணன் அந்தப் புதுத் தராசை வாங்கினார். மாட்ட வந்த சர்வீஸ்காரர், "2.3.2 இருந்தா போதுங்க, இந்த மாடல் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணனின் கம்ப்யூட்டரிலும் 2.3.2 என்றுதான் காட்டுகிறது. ஆனால் எடை வரவில்லை. போனில் அரை மணி நேரம் கேபிளைக் கழற்றுங்கள், மாட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் கேட்கத் தோன்றியது: எந்த 2.3.2?

நம் ஊர்த் தெருக்களில் வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கூரியர் சரியாக வந்து சேரும். நான் ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை மட்டும் எழுதி வைத்திருந்தேன், அதிலும் பாதி நாள் பழைய எண்ணாகவும் பாதி நாள் புதிய எண்ணாகவும்.

பைண்டிங்கின் எண்ணை இரண்டு வகை ஆட்கள் பார்க்கிறார்கள். அடியில் எந்த லைப்ரரி இருக்கிறது என்று தெரிய வேண்டியவர்கள் ஒரு வகை. தராசு சர்வீஸ்காரர் அப்படி, பாதுகாப்புக் குறை பற்றிச் செய்தி வந்ததும் பதறும் சிஸ்டம் அட்மின் அப்படி. இதை அப்டேட் செய்தால் என் புரோகிராம் உடையுமா என்று தெரிய வேண்டியவர்கள் இன்னொரு வகை. இரண்டு கேள்விக்கும் ஒரே எண்ணால் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டும் தனித்தனியாக மாறுகின்றன. லைப்ரரி தன் ஃபங்ஷன்களைத் தலைகீழாக மாற்றி 3.0 என்று வரலாம், நான் அதையெல்லாம் உள்ளேயே சமாளித்துவிட்டால் என்னை நம்பி எழுதியவருக்கு ஒரு வரிகூட மாறாது. லைப்ரரி ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்திருக்கும், அதே சமயத்தில் நான் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் எல்லோருடைய புரோகிராமும் நிற்கும்.

கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய செமான்டிக் வெர்ஷனிங் விதிகளைப் பலர் மேஜர், மைனர், பேட்ச் என்று மூன்று சொல்லாக மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண், புதிதாகச் சேர்த்தால் இரண்டாவது, திருத்தம் என்றால் மூன்றாவது. ஆனால் அந்த விதிகளில் முதலாவதே வேறு: உன் பொது ஏபிஐ, அதாவது மற்றவர்கள் நம்பிக் கூப்பிடும் ஃபங்ஷன்கள், எது என்று முதலில் சொல். பைண்டிங் எழுதுகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். லைப்ரரியின் எண் லைப்ரரிக்காரரின் ஏபிஐ பற்றிய வாக்கு. அதை என் பொருளின் மேல் ஒட்டினால் நான் கொடுக்காத வாக்கை என் பெயரில் விற்கிறேன் என்று அர்த்தம்.

பெரிய பைண்டிங்குகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று தேடிப் பார்த்தபோது, எனக்கு முன்னால் பெரியவர்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மிகச் சுலபமான வழி நான்காவது எண். படங்களை அலசும் ஓப்பன்சிவி லைப்ரரியின் பைத்தான் பேக்கேஜ் அப்படித்தான். 4.8.0.74, 4.8.0.76 இரண்டிலும் உள்ளே இருப்பது ஓப்பன்சிவி 4.8.0. கடைசி எண் பேக்கேஜ் கட்டியவர்களுடையது, லைப்ரரி மாறினாலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பைத்தானின் எண் விதிகள் எத்தனை இடம் வைத்தாலும் ஏற்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மும் ரஸ்ட் மொழியின் கார்கோவும் மூன்று இடத்தோடு கதவைச் சாத்திவிடும். அதனால் ரஸ்ட்காரர்கள் கூட்டல் குறியைப் பிடித்துக்கொண்டார்கள். கிட் வேலைகளுக்கான லிப்கிட்2 லைப்ரரியின் அடிமட்ட பைண்டிங்குக்கு 0.16.2+1.7.2 என்று ஒரு வெர்ஷன் உண்டு. முன்னால் இருப்பது பைண்டிங்கின் சொந்த எண், கூட்டலுக்குப் பின்னால் இருப்பது உள்ளே இருக்கும் லைப்ரரி. எது புதியது என்று ஒப்பிடும்போது கூட்டலுக்குப் பின்னால் இருப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆக அது மனிதர்கள் படிக்க மட்டும். பழைய எண், புதிய எண் பலகைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போனது, எஸ்க்யூலைட் டேட்டாபேஸைப் பயன்படுத்தப் பைத்தானோடு கூடவே வரும் எஸ்க்யூலைட்3 மாட்யூல். 2006-இல் பைத்தான் 2.5-இல் உள்ளே வந்தபோது, வெளியில் தனியாக இருந்த காலத்து வெர்ஷன் எண்ணையும் கையோடு கொண்டுவந்தது. அந்த எண் அப்புறம் 2.6.0 என்று உறைந்துபோய் வருஷக்கணக்கில் அப்படியே நின்றது. அடியில் இருந்த எஸ்க்யூலைட்டோ 3.-க்குப் பின்னால் ஏறிக்கொண்டே போனது. மாட்யூலில் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே பெயரில் இருந்ததால், எஸ்க்யூலைட் எது என்று பார்க்கப் போனவர்கள் 2.6.0-ஐப் பார்த்துக் குழம்பினார்கள். பைத்தான் 3.12-இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள், 3.14-இல் எடுத்தே விட்டார்கள். யாரும் பராமரிக்காத எண் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது புரோட்டோபஃப் கதை. புரோகிராம்களுக்கு நடுவே தரவைக் கட்டி அனுப்ப உதவும் கூகுளின் இந்த லைப்ரரிக்கு சி++, ஜாவா, பைத்தான், பிஎச்பி என்று பல மொழிகளில் முகம் உண்டு. 2022 வரை எல்லாவற்றுக்கும் ஒரே எண், 3.20 வரை ஒன்றாகவே நடந்தார்கள். அந்த வருஷம் பைத்தான் பக்கம் மட்டும் உள்ளே இருந்த எஞ்சினை மாற்ற வேண்டிவந்தது, அது பழைய கோடை உடைக்கும் மாற்றம். ஒரே எண் என்றால் பைத்தானுக்காக ஜாவாக்காரரும் மேஜர் எண் தாண்ட வேண்டும், ஒன்றுமே மாறாமல். எனவே பிரித்தார்கள். கம்பைலர் 21.0 ஆனது, பைத்தான் 4.21.0, ஜாவா 3.21.0. முதல் எண் அந்தந்த மொழிக்குச் சொந்தம், அதன் பிறகு வருவது எல்லோருக்கும் பொது. பைத்தானில் 4.21-உம் ஜாவாவில் 3.21-உம் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று அந்த 21-ஐப் பார்த்தாலே தெரிந்துவிடும். உடைந்தால் எந்த மொழியில் உடைந்தது என்று முதல் எண் சொல்லிவிடும். இரண்டு கேள்விக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள். இவ்வளவு யோசித்துச் செய்தும், 4.21 வந்த வாரம் பைத்தான் உலகில் ஏகப்பட்ட புரோகிராம்கள் நின்றன, எல்லோரும் 3.20-க்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டார்கள். மேஜர் எண் ஏறியது எச்சரிக்கைதான். ஆனால் மேல் வரம்பு போடாமல் எது வந்தாலும் எடுத்துக்கொள் என்று எழுதி வைத்தவர்களுக்கு எச்சரிக்கை காதில் விழாது.

இதற்கு முந்தைய வருஷம் நடந்தது கிரிப்டோகிராஃபி பேக்கேஜின் தகராறு. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியைப் பைத்தானுக்குக் கொண்டுவருவது இது. 2021 பிப்ரவரியில் 3.4 வெளியானபோது, அதைக் கட்டுவதற்கு ரஸ்ட் கம்பைலரும் தேவை என்று ஆகிவிட்டது. சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இரவோடு இரவாக எல்லாம் நின்றது. 3.3-இலிருந்து 3.4-க்குப் போனால் இப்படி உடையலாமா என்று கோபப்பட்டார்கள். அவர்களின் எண் முறையோ செமான்டிக் வெர்ஷனிங் அல்ல. 3.3, 3.4 என்பதைச் சாதாரணத் தசம எண்ணாகப் படிக்க வேண்டும், ஒவ்வொரு படியும் எதையாவது உடைக்கலாம் என்று ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். யார் படித்தார்கள்? அந்த வருஷமே 3.4-க்குப் பிறகு 3.5 என்று போகாமல் 35.0 என்று மாற்றிவிட்டார்கள். புள்ளியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு லைப்ரரியும் 2012-இல் இதையே செய்திருக்கிறது, 4.8-க்கு அடுத்தது 49.

ஐசியு என்றதும் நினைவுக்கு வருகிறது. பில்லிங்கில் வாடிக்கையாளர் பெயர்களை அகர வரிசையில் அடுக்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். யூனிகோட் எண்களை வைத்து அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன வந்து நிற்கும், அனிதா முன்னால், அபிராமி பின்னால். நம் வரிசையில் ன கடைசி எழுத்து, அபிராமிதான் முதலில் வர வேண்டும். ஐசியுவுக்கு அது தெரியும். அதன் பைத்தான் பைண்டிங்கில் பைண்டிங்கின் எண், ஐசியுவின் எண், யூனிகோடின் எண் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஐசியு ஒவ்வொரு வெர்ஷனிலும் தன் சி ஃபங்ஷன்களின் பெயருக்குப் பின்னால் 74, 75 என்று வெர்ஷன் எண்ணை ஒட்டிவிடும். எனவே 74-ஐ வைத்துக் கட்டிய பைண்டிங் 75 இருக்கும் மெஷினில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, மறுபடி கட்ட வேண்டும். பைண்டிங்கின் கோடில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.

இங்கே வருவது ஏபிஐ இல்லை, ஏபிஐக்கு அடியில் இருக்கும் இன்னொன்று: கட்டி முடித்த பைனரிகள் ஒன்றோடொன்று பொருந்துகிற ஒப்பந்தம். லினக்ஸில் இதற்கென்றே தனி எண் உண்டு, லைப்ரரி ஃபைலின் பெயருக்குக் கடைசியில் இருப்பது. அது மாறினால்தான் பழையதோடு பொருந்தாது என்று அர்த்தம், வெளியே சொல்லும் வெர்ஷன் எண்ணோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழ் எழுத்துகளில் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் மாட்டித் தரும் ஹார்ஃப்பஸ், எத்தனையோ மேஜர் எண் தாண்டிய பிறகும் அந்த இடத்தில் இன்னும் 0-தான் வைத்திருக்கிறது. யாரையும் மறுபடி கட்ட வைத்ததில்லை. பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பை 2006-இல் 1.0 ஆகி, 2024 ஜூனில்தான் 2.0-க்கு வந்தது. வந்ததும் அதன் பைனரியோடு பிணைத்துக் கட்டிய ஏராளமான பேக்கேஜ்களை மறுபடி கட்டி வெளியிட வேண்டியதாயிற்று.

அதனால் பைண்டிங்குக்கு மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: இது எந்த மெஷினுக்குக் கட்டியது? அதற்கு வெர்ஷன் எண்ணில் இடம் கிடையாது, ஃபைல் பெயரில்தான் இடம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஏற்காடு போய்த் தெரிந்துகொண்டேன்.

அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் காலத்தில் சாயங்காலம் ஆளாளுக்குப் பறித்ததை எடை போட்டுச் சீட்டு அடிப்பார்கள், அதற்கும் இதே பைண்டிங்தான். நெட் சரியாக வராத இடம் என்பதால் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி, கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறிப் போனேன். எஸ்டேட் ரைட்டர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். விண்டோஸ் 7, அதுவும் 32-பிட். என்னிடம் இருந்தது 64-பிட்டுக்கும் பைத்தான் 3.11-க்கும் கட்டிய வீல், அதாவது முன்கூட்டியே கட்டி வைத்த பைத்தான் பேக்கேஜ் ஃபைல். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி பைத்தான் 3.8. "இந்தத் தளத்துக்கு இது பொருந்தாது" என்ற ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரைட்டர் நல்ல மனுஷன், "காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க சார், இன்னிக்கு நோட்டுல எழுதிக்கிறோம்" என்றார். எடுத்து வந்த எண் சரி, ரிலீஸ் சரி, ஃபைல்தான் தப்பு. கீழே இறங்கியதும் செய்த முதல் வேலை, பைத்தானின் நிலையான பைனரி ஒப்பந்தத்துக்கு மட்டும் கட்டுப்பட்டு எழுதி, 3.8-க்குக் கட்டிய ஒரே வீல் அதற்குப் பிந்தைய பைத்தான்களிலும் ஓடும்படி மாற்றியது. 32-பிட்டுக்குத் தனியாக ஒன்று இன்னும் கட்டுகிறேன், அந்த ஒரு எஸ்டேட்டுக்காக.

வீலுக்குள்ளேயே லைப்ரரியை வைத்துக் கட்டி அனுப்பினால் வாடிக்கையாளருக்குச் சௌகரியம், ஆனால் லைப்ரரியின் பாதுகாப்புக் குறைகளுக்கும் நாமே பொறுப்பு. கிரிப்டோகிராஃபியின் மாற்றப் பட்டியலைப் பார்த்தால், வீல்கள் புது ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு கட்டப்பட்டன என்ற ஒரே வரியோடு பல பேட்ச் ரிலீஸ்கள் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் சரியான நாகரிகம்.

இன்னொன்று, வெளியே போன எண் திரும்பி வராது. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஒரு ஃபைலை அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற விடாது. என்பிஎம்மிலும் ஒரு முறை வெளியான எண் தீர்ந்தது தீர்ந்ததுதான். தப்பான ரிலீஸை அழிப்பதைவிட, யாங்க் செய்வது நல்லது. அந்த எண்ணைப் பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும், புதிதாக வருகிறவர்கள் கண்ணில் படாது. நான் 2.3.1-க்குப் பின்னால் 'போஸ்ட்1' என்று ஒட்டியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த வால் ரிலீஸ் குறிப்பு மாதிரியான விஷயங்களைச் சரி செய்வதற்கு, நிஜமான பக்கைத் திருத்த அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பைத்தான் விதியே சொல்கிறது. 2.3.1-தான் வேண்டும் என்று எழுதி வைத்தவருக்கு அந்த வால் எண் போய்ச் சேராது என்பது வேறு.

கடைசியில் இப்போது இப்படிச் செய்கிறேன். பைண்டிங்குக்குச் சொந்த எண், 10.0.0-இலிருந்து. 3.0.0 என்று ஆரம்பித்திருந்தால் லைப்ரரி ஒரு நாள் 3.0-க்கு வந்து மறுபடி அதே சண்டை. எண் என் ஃபங்ஷன்களைப் பற்றி மட்டும் பேசும். அடியில் இருக்கும் லைப்ரரியின் எண்ணை இரண்டு விதமாகக் கேட்டு வாங்கலாம்: கட்டியபோது இருந்தது ஒன்று, இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. எஸ்க்யூலைட் சி லைப்ரரி இதை ரொம்ப நாளாகச் செய்கிறது. 3.45.1 என்றால் 3045001 என்று ஒரே முழு எண்ணாகத் தரும், கட்டியபோது இருந்ததையும் ஓடுவதையும் ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடலாம். நானும் அப்படித்தான் நிறுத்துகிறேன். ஒரு மெல்லிய தோல் மட்டும் போர்த்தி, உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிற பைண்டிங் என்றால் லைப்ரரியின் எண்ணோடு நான்காவது இடம் வைப்பதே போதும், ஓப்பன்சிவி மாதிரி. எடையை ரவுண்டு செய்வது, தராசு மாடலைத் தானே கண்டுபிடிப்பது என்று சொந்தப் புத்தி சேர்ந்துவிட்டால் சொந்த எண் வேண்டும்.

ஒன்று மட்டும் இன்னும் வாதத்தில் இருக்கிறது. லைப்ரரிக்காரர் அடுத்த வெர்ஷனில் பழைய தராசு மாடல் மூன்றுக்கு ஆதரவை நிறுத்துகிறார். என் ஃபங்ஷன் எதுவும் மாறவில்லை, பெயரும் அதேதான், ஆனால் லீ பஜாரில் இரண்டு கடையில் எடை வராது. மைனர் போதும் என்கிறார் நண்பர். நான் 11.0.0 என்று எழுதி வைத்திருக்கிறேன். பட்டறை பில்லின் அடியில் இப்போது இரண்டு எண்ணும் சின்ன எழுத்தில் அச்சாகிறது. போன் வந்தால் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன்.